பதினோரு கொழுச் சீர்

சீர்வரிசையில் கலப்பை வந்து இறங்கிய வீடு நகரியில் என் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் தெரு தறித் தெரு. கண் விழித்ததிலிருந்து கரண்ட் போகிறவரைக்கும் பவர்லூம் சத்தம்தான். அந்தத் தெருவில், புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பழம், பூ, புடவை, வேட்டி என்று தட்டுத் தட்டாக உள்ளே போன பிறகு, பின்னால் வந்த மினி லாரியிலிருந்து நாலு ஆள் பிடித்து ஒரு இரும்புச் சாமானை இறக்கினார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கலப்பை. நீலப் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. மண்ணைக் கிளறுகிற ஒவ்வொரு கொழுவின் நுனியிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வாசலில் நின்று எண்ணினேன். பதினொன்று.

அண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். தெருவே, "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்றது. நான் கொழுவை இன்னொரு தடவை எண்ணினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நைனா, அதாவது எங்கள் அப்பா, போன பிறகு நான் பாகம் கேட்டேன். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்து எத்தனையோ காலமாகிறது. எங்கள் பக்கம் கேட்கிற பெண்ணைத்தான் இன்னும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். புத்தூரிலிருந்து நாராயணவனம் போகிற வழியில் இருக்கும் நிலத்தை இரண்டாகப் பிரித்தோம். நடுவில் ஒரு வரப்பு. நான் சர்வேயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூட்டி வந்து அளந்துதான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் கடன் வாங்கி ஐம்பது ஹெச்.பி. புது டிராக்டர் எடுத்திருந்தான். அதனால் நைனாவின் பழைய டிராக்டரை என் பக்கம் தள்ளிவிட்டான். அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. புதிதாக வந்தபோது முப்பத்தைந்து ஹெச்.பி. இப்போது எத்தனை மிச்சம் என்று அதற்கே தெரியாது.

அது சும்மா வரவில்லை, சீக்கிரம் சாகப் போகிறது என்று தெரிந்துதான் தந்தான் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. நான் அப்படித்தான். நைனா பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் டேங்குக்குள் குச்சி விட்டு அளந்து பார்ப்பார். பங்குக்காரன் அவருக்குச் சொந்த மச்சான். அந்த ரத்தம்தான் எனக்கும் ஓடுகிறது.

சரி, கலப்பைக்கு வருகிறேன். அத்தனை பேர் முன்னால் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான்.

"ஓட்ட முடியலைன்னா ஒரு போன் போடும்மா. நம்ம புது டிராக்டர எடுத்தாந்து ஒரே மணி நேரத்துல ஓட்டிக் குடுத்துடறேன்."

கேட்டவர்களுக்கு அது பாசம். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. எங்கள் பக்கம் நிலக் கணக்கில் பட்டா யார் பேரில் என்பதோடு விடமாட்டார்கள். பக்கத்திலேயே, அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று இன்னொரு பேரும் எழுதுவார்கள். யார் உழுகிறானோ அவன் பேர் அங்கே ஏறிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு வருஷம் அவன் டிராக்டர் என் நிலத்தில் இறங்கும், இரண்டாம் வருஷமும் இறங்கும், மூன்றாம் வருஷம் என் பேருக்குப் பக்கத்தில் அவன் பேர் உட்கார்ந்திருக்கும். பிறகு நான் பட்டாவை வைத்துக்கொண்டு சித்தூருக்கும் திருப்பதிக்கும் பஸ் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால்தான் நிலம் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரே வைராக்கியம்: என் மண்ணை என் டிராக்டர்தான் உழ வேண்டும். முதல் போகத்துக்கு ஒரு ஓட்டைக் கலப்பையை இரவல் வாங்கி எப்படியோ சமாளித்தேன். இப்போது மழை வந்தால் வேர்க்கடலை போட வேண்டும். கலப்பை வேண்டும் என்பது அண்ணனுக்கும் தெரியும்.

ஆனால் பதினொன்று எதற்கு? நைனா அந்த டிராக்டர் இளசாக இருந்தபோதே ஒன்பது கொழுவுக்கு மேல் மாட்டியதில்லை. அதுவும் செம்மண்ணில், நல்ல ஈரத்தில். பதினொன்றை மாட்டினால் ஒன்று இன்ஜின் படுக்கும், இல்லை கிளட்ச் போகும். போனால் நான் போன் போட வேண்டும். போன் போட்டால் அவன் டிராக்டர் வரும். கணக்கு எவ்வளவு அழகாக உட்கார்கிறது பாருங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் தறிக்காரர். நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவார். கலப்பையில் எது முன்பக்கம் என்று கேட்டால் முழிப்பார்.

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கறியே," என்று சிரித்தார். "சீருன்னு வந்தா பெருசாத்தான் குடுப்பாங்க. ஒத்தப்படைல பதினொண்ணு. அஞ்சு கொழு குடுத்திருந்தா, கஞ்சன்னு நீயே சொல்லியிருப்ப."

"மாட்டுக்குப் பல்லு போனா புல்லு துன்னாது, அவ்ளோதான். இது என் டிராக்டரையே துன்னுடும்."

"உனக்கு உங்க அண்ணன் மேல சந்தேகம். நாளைக்கு எம்மேலயும் வரும்."

ஏற்கெனவே வந்துவிட்டது. இவர் ஏன் அவனுக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறார்? இரண்டு பேரும் மாடியில் நின்று ரொம்ப நேரம் பேசினார்களே, என்ன பேசினார்கள்? கேட்டால் தறிக்கு மோட்டார் வாங்குவதைப் பற்றி என்றார். நான் நம்பியது போலத் தலையை ஆட்டிவைத்தேன்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்றால் முடியாது. சீரைத் திருப்பினால் பிறந்த வீட்டோடு ஒட்டு உறவு இல்லை என்று அர்த்தம். கழற்றிச் சின்னதாக்கிக்கொள்ளலாம் என்றால், என் மாமியார் அதற்கும் வழி விடவில்லை. "சீர்ல வந்ததப் பிரிக்கக்கூடாது. பிரிச்சா அண்ணன் தங்கச்சி ஒறவப் பிரிச்ச மாதிரி," என்று சொல்லி, கலப்பைக்குத் தானே ஒரு கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டுப் போனார்கள். அது பாட்டுக்கு வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. தறிக்கு வருகிறவர்கள் எல்லாரும் காலை இடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் தெரியாமல் வாங்கியிருப்பானோ என்று ஒரு பக்கம் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளத் திருப்பதிக்குப் போனேன். அலிபிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காது குத்து இருந்தது, அது நல்ல சாக்கு. காது குத்து முடிந்ததும் ரேணிகுண்டா சாலையில் அந்தக் கடையைத் தேடிப் பிடித்தேன். கலப்பையின் சட்டத்தில் கடைப் பேர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். அல்லது மறக்கவில்லையோ என்னவோ.

கடைக்காரர் தெலுங்குக்காரர். எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. நான் ஒன்றும் தெரியாதவள் போல, நகரியிலிருந்து வருகிறேன், என்னுடையது இந்த மாதிரிப் பழைய டிராக்டர், எத்தனை கொழு மாட்டலாம் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கையில் இருந்த ரசீதுக் கட்டைப் பார்த்தார், சிரித்தார்.

"மீ அன்னய்யகி செப்பானம்மா, ஏடு சாலு அனி," என்றார்.

ஏழு போதும் என்று என் அண்ணனிடமே சொல்லியிருக்கிறார். நகரியில் இருக்கும் தங்கச்சிக்குச் சீர் என்று சொல்லி, என் டிராக்டர் எது, எத்தனை வருஷத்துப் பழசு, இன்ஜின் எப்போது பிரித்துக் கட்டியது, எல்லாம் அண்ணன் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் ஏழு என்று ஒன்றை எடுத்தும் வைத்திருக்கிறார். கடைசியில் அண்ணன்தான், "இல்லை, பதினொன்று போடு" என்றிருக்கிறான்.

தெரியாமல் வாங்கவில்லை. தெரிந்தேதான் வாங்கியிருக்கிறான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கோபத்தில்தான். சின்ன வயதில் தண்ணீர்ப் பாம்பைக் கண்டு நான் அலறினால் கிணற்றுக்குள் குதித்து அதை வெளியே வீசுகிறவன் அவன். ஒரு வரப்பு போட்டதும் ஆள் இப்படி மாறிவிடுவானா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். இறங்கும்போது, கொழுவைக் கழற்றிவிடுவது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மாமியாரின் கற்பூரத்தை மாமியாரே வைத்துக்கொள்ளட்டும்.

மழை வந்தது. நல்ல மழை. செம்மண்ணில் மழைக்குப் பிறகு பதம் சில நாள்தான் நிற்கும். அதற்குள் உழுது விதைக்கவில்லை என்றால் அடுத்த மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். கலப்பையை ஏற்றிக்கொண்டு போய் நிலத்தில் இறக்கி, பழைய டிராக்டரில் மாட்டினேன். கொல்லை மேட்டில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கச் சேர்ந்துவிட்டார்கள். அதில் எங்கள் பங்காளி ஒருத்தர், போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். யாரிடம் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

கழற்றுவதற்கு முன்னால் பதினொன்றோடு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத்தான் செய்தேன். என் சந்தேகத்தை நானே கண்ணால் பார்க்க வேண்டும். கலப்பையைத் தூக்கும்போதே முன் சக்கரம் மண்ணை விட்டு லேசாக எழும்பியது. இறக்கி கியர் போட்டதும் கரும்புகை. பின் சக்கரம் நகராமல் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. இன்ஜின் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. உடனே நிறுத்தினேன். இன்னும் நாலு அடி பிடிவாதம் பிடித்திருந்தால் அண்ணனுக்கு நான் போன் போட்டிருக்க வேண்டும்.

இறங்கி ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கொழு. ஒன்பது. ஓட்டினேன். முன் சக்கரம் மண்ணில் நின்றது. ஆனால் மேடு வந்த இடத்தில் புகை மறுபடியும் கறுத்தது. இன்னும் ஒவ்வொன்று. ஏழு. இப்போது புகை சாம்பல் நிறத்துக்கு வந்து அப்படியே நின்றது. சத்தம் ஒரே சீராக வந்தது. சக்கரம் வழுக்கவில்லை. இன்னும் குறைத்து ஐந்தாக்கினால் டிராக்டருக்குச் சுகம்தான். ஆனால் பின் சக்கரத்தின் தடம் கலப்பையின் அகலத்துக்கு வெளியே விழும். மிதித்த மண் மிதித்தபடியே கிடக்கும். ஏழு கொழு இருந்தால் கடைசிக் கொழு சக்கரத் தடத்தைக் கிளறிக்கொண்டே வரும். டிராக்டருக்கும் தாங்க வேண்டும், மண்ணுக்கும் ஆக வேண்டும். இரண்டும் ஏழில்தான் நின்றது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஒருத்தர் மேலாவது சந்தேகம் தீர்ந்தது.

கால்வாசி நிலம் உழுதிருப்பேன். ரோட்டில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அண்ணன்.

அவன் டிராக்டருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கலப்பை இல்லாமல் வெறும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பதினோரு கொழுவும் அவனுடைய ஐம்பது ஹெச்.பி.க்கு அளவெடுத்தது. என் வாசலில் மஞ்சள் குங்குமத்தோடு இறக்கிய சீரை, என் நிலத்தில் அவன் டிராக்டரில் மாட்டி ஓட்டத்தான் வந்திருக்கிறான்.

வரப்போரம் கிடந்த நாலு கொழுவையும் பார்த்துவிட்டு நின்றான்.

"இன்னா பண்ணிக்கினு கீற? சீர்ல வந்ததப் போயி பிரிச்சுப் போட்டு வெச்சிருக்கியே."

"என் டிராக்டருக்கு ஏழுதான் தாங்கும். கடைக்காரரு உங்கிட்டயே சொன்னாராமே."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"கடைக்குப் போனியா?"

"போனேன்."

"நீ போவன்னு தெரியும்." துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "ஏழு குடுத்தா நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு போயிடுவ. அப்புறம் என்னை எதுக்குக் கூப்புடப் போற? பாகம் பிரிச்சதுலருந்து ஒரு போன் உண்டா உங்கிட்டருந்து? நைனா தெவசத்துக்குக்கூட எதிர்க்கட்சி வக்கீலு மாதிரி வந்து ஒக்காந்துட்டுப் போன. ஓட்ட முடியலன்னா நீ கூப்புடுவன்னு நெனச்சேன். அதான் பதினொண்ணு வாங்கினேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனால் கேட்க நன்றாக இருக்கிற பேச்சைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். தங்கைக்காக வந்தானா, மண்ணுக்காக வந்தானா? இதை வாயால் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

"ஓட்டணும்னா ஓட்டு," என்றேன். "உன் டிராக்டர்ல வேணாம். இதுல ஏறி ஓட்டு."

இந்த டிராக்டரைக் காயலான் கடைச் சாமான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன். ஐம்பது ஹெச்.பி. டிராக்டரை ரோட்டில் நிறுத்திவிட்டு, தங்கச்சியின் ஓட்டை டிராக்டரில், அதுவும் ஏழு கொழுவோடு, அத்தனை பேர் பார்க்க உழுவானா? மண் மேல் கண் என்றால் ஏறமாட்டான். ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்விடுவான். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அவன் மேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். ஏறி உட்கார்ந்துவிட்டான்.

நான் வரப்பில் போய் நின்றுகொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஏறிவிட்டான் என்பதற்காக நம்பிவிட முடியுமா? உழுகிற சாக்கில் வரப்பை ஒரு கொழு அகலத்துக்குக் கீறி அடுத்தவர் பக்கம் தள்ளுவதுதான் எங்கள் பக்கத்துப் பழைய திருட்டு. வருஷத்துக்கு ஒரு கீறல் என்றால் ஒரு தலைமுறையில் வரப்பே நடந்து போய்விடும். ஏற்கெனவே அவன் பக்கத்தில் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். பாகம் பிரித்ததிலிருந்து அவன் தன் நிலத்தில் வரப்பை ஒட்டி ஒரு முழ அகலத்தை உழாமலே விட்டு வந்தான். அங்கே வெறும் புல்தான். ஒரு முழ மண்ணைச் சும்மா விடுகிற ஆளா அவன்? நாளைக்கு ஏதோ வழக்குக்கு அடி போடுகிறான் என்று நினைத்திருந்தேன்.

பழைய டிராக்டர் அவன் கைக்குப் பணிந்துதான் போயிற்று. நைனா சத்தம் கேட்டே கியர் மாற்றுவார், அதே இடத்தில் இவனும் மாற்றினான். மேட்டில் புகை கறுக்கும் முன்னாலேயே கலப்பையைக் கொஞ்சம் தூக்கி விட்டான். நேராக என்னை நோக்கி, வரப்பை நோக்கி வந்தான். இப்போது பட்டது, இப்போது பட்டது என்று பார்க்கிறேன். வரப்புக்கு ஒரு முழம் இருக்கும்போதே கலப்பையைத் தூக்கிவிட்டான். திருப்பிக்கொண்டு போனான். அடுத்த சாலிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஏன் அங்கயே தூக்கற?"

"வரப்பு கீதே."

"வரப்பு இங்க கீது. நடுவுல ஒரு மொழம் வுட்டுட்டியே."

"இருக்கட்டும்," என்றான். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினான். "உன் வரப்புகிட்ட வந்தாலே நான் தள்ளித்தான் ஓட்டுவேன். ஒரு கொழு பட்டாலும் நீ சர்வேயரக் கூட்டினு வந்துடுவ. என் பக்கத்துலயும் அதான் வுட்டு வெச்சிருக்கறேன்."

அந்தப் புல்லைத் திரும்பிப் பார்த்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனுக்கு என்னைக் கண்டு பயம். டிபன் கேரியரைத் திறந்து, "எறங்கி வந்து துன்னுட்டு ஓட்டு," என்று மட்டும் சொன்னேன். வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். புளிச்சோற்றில் உப்பு பத்தவில்லை என்றான்.

சாயங்காலத்துக்குள் உழுது முடித்தோம். போகும்போது சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை. அவன் விட்ட ஒரு முழத்தை மறுநாள் நானே ஓட்டி, அதிலும் கடலை போட்டேன். கழற்றிய நாலு கொழுவும் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. மாமியார் அதற்கும் வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கிறார்கள்.

கடலை முளைத்துப் பச்சை பிடித்தபோது வரப்பில் நின்று பார்த்தேன். என் பக்கம் வரப்புவரைக்கும் செடி. அவன் பக்கம் அதே ஒரு முழத்துக்குப் புல். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயே நின்று போன் போட்டேன். பாகம் பிரித்த பிறகு நானாகப் போட்ட முதல் போன் அது.

"ண்ணா, உன் பக்கத்துல வரப்போரம் வுட்டு வெச்சிருக்கியே, அந்த ஒரு மொழத்தையும் ஓட்டிப் போடு. நான் யாரையும் கூட்டினு வரமாட்டேன்."

அந்தப் பக்கம் டிராக்டர் இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது. நைனாவின் ரத்தம் அவனுக்கும்தானே ஓடுகிறது.

"ஏன்," என்றான் மெதுவாக, "இன்னா விஷயம்?"